சகோதரனின் தோல்: பீற்றர் மெடவாரை நான் தேடி வாசித்த கதை

2016 ஆம் ஆண்டின் கடைசியில் என் தங்கச்சிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று கொழும்பில் சொன்னார்கள். அப்போது அவளுக்கு 31 வயது. மாற்றுச் சிகிச்சைக்கு யாராவது சிறுநீரகம் கொடுக்க முன்வருவார்களா என்று கேட்ட வைத்தியர், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று அடுத்ததாகக் கேட்டார். சாதாரணமான கேள்வி. எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

நாங்கள் ஐந்து பேர். பெரியண்ணா 2009 மாசியில் ஷெல் பட்டு இறந்துபோனார். அக்காவுக்கு நீரிழிவு, ஆகவே அவரிடம் எடுக்க முடியாது. தம்பியை வைகாசி நடுப்பகுதியில் வட்டுவாகலில் சனத்தோடு சனமாக நின்றபோது கடைசியாகக் கண்டோம். அவனை எண்ணிக்கையில் சேர்ப்பதா விடுவதா? அம்மா பக்கத்தில்தான் இருந்தார். ஐந்து என்று சொன்னேன். வைத்தியர் எழுதிக்கொண்டு, சரி, எல்லோரையும் கூட்டி வாருங்கள் என்றார்.

அடுத்த கேள்வி இன்னும் விசித்திரமாக இருந்தது. தங்கச்சிக்கு முன்னர் எப்போதாவது குருதி ஏற்றியிருக்கிறார்களா? ஏற்றியிருக்கிறார்கள். போர் முடியும் தறுவாயில் வயிற்றில் காயப்பட்டபோது யாருடைய குருதி, எத்தனை பை என்று தெரியாமலே ஏற்றினார்கள். அந்தக் குருதிக்கும் எட்டு வருடம் கழித்துப் பழுதான சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். விளங்காமல் இருந்தது வெட்கமாகவும் இருந்தது. அன்றிரவு வாடகை அறையில் இருந்து வாசிக்கத் தொடங்கியபோதுதான் பீற்றர் மெடவார் என்ற மனிதரிடம் போய்ச் சேர்ந்தேன். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் வந்து போகிற பெயர்.

மெடவார் 1915 இல் பிரேசிலில் பிறந்தவர். தந்தை லெபனானில் பிறந்து பிரித்தானியக் குடியுரிமை பெற்ற வியாபாரி, பல் வைத்தியத்துக்கான பொருட்களை விற்றவர். தாய் ஆங்கிலேயர். முதலாம் உலகப் போர் முடிந்த பிறகு குடும்பம் இங்கிலாந்துக்கு வந்தது. பையனை விடுதிப் பாடசாலையில் விட்டார்கள். அந்தப் பாடசாலையை அவர் வாழ்நாள் முழுவதும் வெறுத்தார். 1932 இல் ஒக்ஸ்போர்டுக்குப் போய் விலங்கியல் படித்து, பிறகு ஹவார்ட் புளோரியின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். பெனிசிலினை மருந்தாக்கிய அதே புளோரி. 1937 இல் ஜீன் ரெய்லர் என்ற சக மாணவியை மணந்துகொண்டார். கவனிக்க வேண்டியது ஒன்று: மெடவார் வைத்தியர் அல்ல. மாற்றுச் சிகிச்சையின் தந்தை என்று இன்று அழைக்கப்படுகிறவர், கத்தி பிடித்து ஒரு நோயாளிக்குச் சத்திரசிகிச்சை செய்தவர் இல்லை.

அவரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டது போர்தான். 1940 இல் ஒரு நாள் ஒக்ஸ்போர்டில் அவருடைய வீட்டுக்குக் கொஞ்சத் தூரத்தில் ஒரு குண்டுவீச்சு விமானம் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த இளம் விமானி உயிரோடு மீட்கப்பட்டார். ஆனால் உடலின் பெரும்பகுதி ஆழமாக எரிந்துபோயிருந்தது. அவரைப் பராமரித்த வைத்தியர் மெடவாரிடம் வந்து உதவி கேட்டார். எரிந்த இடத்தை மூட அந்த விமானியின் உடம்பில் மிச்சம் இருந்த நல்ல தோல் போதாது. வேறொருவருடைய தோலை ஒட்டினால் சில நாள் நன்றாகப் பிடித்ததுபோல் தெரியும், பிறகு கருகி உதிர்ந்துவிடும். ஏன் உதிர்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெளிவாகத் தெரியாது. சத்திரசிகிச்சை முறையில் ஏதோ பிழை, இன்னும் கவனமாகத் தைத்தால் சரிவரும் என்று நம்பியவர்கள் பலர்.

மெடவார் முதலில் இருக்கிற தோலைக் கொண்டு சமாளிக்கப் பார்த்தார். மெல்லியதாகச் சீவி விரிக்கலாமா, கலங்களைப் பிரித்தெடுத்துக் காயத்தின்மேல் விதைக்கலாமா என்றெல்லாம் முயன்றார். பெரிதாக ஒன்றும் கைகூடவில்லை. ஆனால் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. எரிகாயத்தோடு வந்து சேர்கிறவர்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்த காலம். பிரித்தானியாவின் மருத்துவ ஆராய்ச்சி சபை அவரைக் கிளாஸ்கோவில் இருந்த எரிகாயப் பிரிவுக்கு அனுப்பியது. அங்கே தோமஸ் கிப்சன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரோடு சேர்ந்து வேலை செய்தார்.

கிளாஸ்கோவில் நடந்ததை நான் பல தடவை வாசித்தேன். 22 வயதுப் பெண் ஒருவர். வலிப்பு வந்து கேஸ் அடுப்பின்மேல் விழுந்து எரிந்துபோனவர். சொந்தத் தோல் போதாததால் அவருடைய சகோதரன் தன் தோலைக் கொடுத்தார். சிறுசிறு துண்டுகளாக எடுத்து, அவளுடைய சொந்தத் தோல் துண்டுகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். முதல் நாட்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பிறகு சகோதரனின் துண்டுகள் மட்டும் வீங்கிச் சிதைந்தன. இரண்டு கிழமை கழித்து அதே சகோதரனிடமிருந்து இரண்டாம் முறையும் எடுத்து வைத்தார்கள். அவை முதல் தடவையை விட வேகமாக அழிந்தன.

இந்த இரண்டாம் தடவையில்தான் விடயம் இருந்தது. தையல் பிழை என்றால் இரண்டு தடவையும் ஒரேமாதிரி நடந்திருக்க வேண்டும். வேகமாக அழிந்ததென்றால், அந்தப் பெண்ணின் உடல் சகோதரனின் தோலை ஏற்கெனவே அறிந்து வைத்திருந்தது என்று பொருள். அம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வந்தால் உடல் எப்படி ஞாபகம் வைத்து அடித்து விரட்டுகிறதோ அதே வேலை. மெடவாரும் கிப்சனும் 1943 இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அடுத்த வருடம் முயல்களில் செய்த பெரிய தொடர் சோதனைகளை மெடவார் தனியாக வெளியிட்டார். வேற்றுத் தோலை அழிப்பது நிர்ப்பீடனத் தொகுதி என்பது அதோடு நிலைபெற்றது.

வைத்தியர் ஏன் பழைய குருதியைப் பற்றிக் கேட்டார் என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது. ஏற்றிய குருதியில் இன்னொருவருடைய வெண்குருதிக் கலங்களும் வந்திருக்கும். தங்கச்சியின் உடல் அவற்றுக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்கி வைத்திருக்கலாம். பிற்பாடு அதே அடையாளம் உள்ள ஒருவருடைய சிறுநீரகத்தை வைத்தால், அது அவள் உடலுக்கு முதல் தடவை அல்ல, இரண்டாம் தடவை. பிள்ளைப்பேறும் இதைச் செய்யக்கூடும், முன்னர் செய்த மாற்றுச் சிகிச்சையும் செய்யக்கூடும். அதனால்தான் கொடுப்பவரின் கலங்களையும் பெறுபவரின் குருதிப் பாயத்தையும் ஒன்றாகக் கலந்து பார்க்காமல் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்க மாட்டார்கள். காயப்பட்டுக் குருதி ஏற்றிய ஆட்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! கிளினிக்கில் அதை யாரும் கேட்காவிட்டாலும் நாங்களாகச் சொல்ல வேண்டும் என்று இதை வாசித்த நாள் முதல் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மெடவாருக்குத் திரும்புகிறேன். 1947 இல் அவர் பேர்மிங்ஹாமில் பேராசிரியரானார். அடுத்த வருடம் ஸ்ரொக்ஹோமில் நடந்த பரம்பரையியல் மாநாட்டில் நியூசிலாந்துக்காரரான ஹியூ டொனால்ட் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். இரட்டைக் கன்றுகள் ஒரே கருவிலிருந்து பிரிந்தவையா, இரண்டு கருக்களிலிருந்து வந்தவையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெடவார் வெகு இலகு என்றார். ஒன்றின் தோலை மற்றதில் ஒட்டுங்கள், பிடித்தால் ஒரே கரு, உதிர்ந்தால் வேறு கரு. வாய் கொடுத்து மாட்டிக்கொண்டார். மாட்டுத் தொழுவத்துக்குப் போய் அதைச் செய்து காட்டவேண்டி வந்தது. றூபேர்ட் பில்லிங்ஹாம் என்ற மாணவரோடு போய்ச் செய்தார். பார்த்தால், ஆணும் பெண்ணுமான இரட்டைகள்கூட ஒன்றின் தோலை ஒன்று ஏற்றுக்கொண்டன. ஆணும் பெண்ணும் ஒரே கருவாக இருக்க வழியே இல்லை. அவர் நிச்சயமாகச் சொன்னது பிழைத்துவிட்டது.

தன் சொல் பிழைத்ததை மூடி மறைக்காமல் அதன் பின்னால் போனார் என்பதே எனக்கு இந்த மனிதரில் பிடித்த விடயம். அமெரிக்காவில் ரே ஓவன் என்பவர் 1945 இலேயே விடையின் பாதியைக் கண்டுபிடித்திருந்தார். மாட்டின் வயிற்றில் இரட்டைக் கன்றுகளின் சூல்வித்தகங்கள் இணைந்து குருதி கலந்துவிடுகிறது. பிறக்கும்போதே ஒன்றின் குருதிக் கலங்கள் மற்றதில் வாழ்கின்றன. அவுஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பேர்னெற் அதைக் கொண்டு, உடல் தன்னையும் பிறரையும் பிரித்தறியக் கருவிலிருக்கும் காலத்தில்தான் கற்றுக்கொள்கிறது என்று ஊகித்திருந்தார். ஊகத்தைச் சோதித்துக் காட்டியது மெடவாரின் குழு. 1951 இல் அவர் லண்டன் யுனிவர்சிற்றி கல்லூரிக்கு மாறியபோது பில்லிங்ஹாமும் வந்தார், லெஸ்லி பிரென்ற் என்ற இளைஞரும் இருந்தார். கருவிலிருந்த சுண்டெலிகளுக்கு வேறொரு இனச் சுண்டெலியின் கலங்களை ஊசியால் ஏற்றினார்கள். அவை பிறந்து வளர்ந்த பிறகு அந்த இனத்தின் தோலை ஒட்டினால் தோல் பிடித்து நின்றது. 1953 இல் வெளியான அந்த ஆய்வு, நிராகரிப்பு என்பது உடைக்க முடியாத விதி அல்ல என்று உலகுக்குக் காட்டியது. நேரடியாக மனிதரில் செய்யக்கூடிய சிகிச்சை அல்ல அது, பிறக்காத பிள்ளைக்கு யாரும் முன்கூட்டியே ஊசி போடப் போவதில்லை. ஆனால் முடியவே முடியாது என்று கைவிட்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு மீண்டும் முயலத் தொடங்கினார்கள்.

லெஸ்லி பிரென்ற் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. அவர் ஜேர்மனியில் பிறந்த யூதப் பிள்ளை. 1938 மார்கழியில், 13 வயதில், பிள்ளைகளை மட்டும் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிய முதல் பயணத்தில் வந்தவர். தாய், தந்தை, சகோதரி மூவரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். மூவரையும் நாசிகள் கொன்றார்கள். எங்கே, எப்படி என்பது அவருக்குப் பல வருடங்கள் கழித்தே தெரியவந்தது. உடல் எதைத் தன்னுடையதாக ஏற்கும், எதை அந்நியமென்று தள்ளும் என்பதை ஆராய்ந்த குழுவில் இப்படி ஒருவர் இருந்தார் என்று வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

இதெல்லாம் ஆய்வுகூடத்தில் நடந்துகொண்டிருக்க, வைத்தியசாலைகளில் சிறுநீரகம் மாற்றும் முயற்சிகளும் நடந்தன. 1952 மார்கழியில் பாரிஸில் சாரத்திலிருந்து விழுந்து தன் ஒரே சிறுநீரகத்தை இழந்த 16 வயதுப் பையனுக்குத் தாய் தன்னுடையதைக் கொடுத்தார். மூன்று கிழமை வேலை செய்தது, பிறகு நின்றுவிட்டது. தாயின் பாசத்தில் குறையில்லை. பரம்பரையலகில் தாயும் பிள்ளையும் பாதிதான் ஒற்றுமை. மற்றப் பாதி தகப்பன் வழி வந்தது, தாயின் உடம்பில் இருக்கவே இருக்காது. இரண்டு வருடம் கழித்து 1954 மார்கழி 23 இல் பொஸ்டனில் ஜோசப் மரே, ஒரே கருவில் பிரிந்த இரட்டையரான ரொனால்ட் ஹெரிக்கின் சிறுநீரகத்தை றிச்சட் ஹெரிக்குக்கு வைத்தார். அதற்கு முன்னர் ஒருவருடைய தோலை மற்றவரில் ஒட்டிப் பார்த்தார்கள். மாட்டுக் கன்றுகளுக்கு மெடவார் சொன்ன அதே சோதனை. தோல் பிடித்தது. றிச்சட் தன்னைப் பராமரித்த தாதியை மணந்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, எட்டு வருடம் வாழ்ந்தார்.

இரட்டையர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மற்றவர்களுக்குப் பொருத்தம் பார்க்க ஒரு வழி வேண்டியிருந்தது. சுண்டெலிகளில் பீற்றர் கோரரும் ஜோர்ஜ் ஸ்னெல்லும் கண்ட அடையாளங்களுக்கு நிகரானவற்றை மனிதரில் முதன்முதலில் 1958 இல் பாரிஸில் ஜீன் டோசே கண்டார். எங்கள் ஆறாவது நிறமூர்த்தத்தில் நெருங்கி அடுத்தடுத்து இருக்கும் பரம்பரையலகுகள் அவை. நெருக்கமாக இருப்பதால் அனேகமாக ஒரு கட்டாகவே கைமாறும். தாயிடமிருந்து இரண்டில் ஒரு கட்டு, தகப்பனிடமிருந்து இரண்டில் ஒரு கட்டு. ஆகவே கூடப்பிறந்த இருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு, பாதி பொருந்த நான்கில் இரண்டு, ஒன்றுமே பொருந்தாமல் இருக்க நான்கில் ஒன்று. கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று வைத்தியர்கள் கேட்பது இதற்காகத்தான். ஒவ்வொரு சகோதரமும் தனித்தனியே ஒரு கால் பங்கு நம்பிக்கை.

இந்தப் பொருத்தத்தைச் சொட்டுக் குருதியில் பார்க்கும் முறையை 1964 இல் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் போல் ரெராசாகி. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். போர்க்காலத்தில், சிறுவனாக, குடும்பத்தோடு அரிசோனாவில் முள்வேலி முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். நான் முகாம்காரர்களைத் தேடிப் போகவில்லை. அவர்களாகவே இந்தக் கதைக்குள் வந்துகொண்டிருந்தார்கள். பொருத்தத்தின் முக்கியத்துவத்தை நிறுவிய அதே ரெராசாகியின் குழு 1995 இல் இன்னொன்றையும் காட்டியது. அமெரிக்காவில் கணவன் மனைவிக்குள் கொடுத்த சிறுநீரகங்களில் 85 வீதமானவை மூன்று வருடம் கழித்தும் வேலை செய்தன. பெற்றோர் கொடுத்தவை 82 வீதம். இறந்தவர்களிடமிருந்து எடுத்தவை 70 வீதம். கணவன் மனைவி பரம்பரையலகில் பெரும்பாலும் அந்நியர்கள். ஆனால் உயிரோடுள்ள ஆரோக்கியமான ஒருவரிடமிருந்து பழுதின்றி வரும் சிறுநீரகம், பொருத்தக் குறைவை ஈடுசெய்துவிடுகிறது. 1980 களில் வந்த சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் இல்லாமல் இது நடந்திராது. சகோதரம் இல்லாதவர்கள் மனம் விட்டுவிடத் தேவையில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

கொடுப்பவரின் பரம்பரையலகு இன்னொரு வழியிலும் வேலை காட்டுகிறது. சிறுநீரகம் உடம்பு மாறினாலும் தன் பரம்பரையலகுகளை மாற்றிக்கொள்வதில்லை. ஆபிரிக்க வம்சாவளியினர் சிலரிடம் காணப்படும் ஏ-பி-ஓ-எல்-1 என்ற பரம்பரையலகின் குறிப்பிட்ட வடிவங்கள் இரண்டு பிரதியிலும் இருந்தால், அவரிடமிருந்து எடுத்த சிறுநீரகம், பெறுபவர் யாராக இருந்தாலும், மற்றவற்றை விட வேகமாகப் பழுதடைகிறது என்று இந்த நூற்றாண்டில் கண்டிருக்கிறார்கள். எங்களுக்குப் பக்கத்து உதாரணம், குடும்பங்களில் வழிவழியாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய். அதில் பெற்றோர் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. கொடுக்க வருகிற சகோதரத்துக்கும் இருக்கலாம், இளவயதில் வெளியே தெரியாமலும் இருக்கலாம். அன்பின் அவசரத்தில் அந்தப் பரிசோதனையைத் தாண்டிப் போகக்கூடாது.

மெடவாருக்கு 1960 இல் பேர்னெற்றோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. பில்லிங்ஹாமுக்கும் பிரென்ற்றுக்கும் பெயர் இல்லை. மெடவார் தன் பங்குப் பணத்தில் அவர்கள் இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார். நல்லவர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நாக்கு மிகக் கூர்மையானவர், தனக்குப் பிடிக்காத புத்தகங்களைக் கிழித்துத் தொங்கவிட்டவர், தன் கெட்டித்தனம் அவருக்கு நன்றாகவே தெரியும். 1962 இல் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பணிப்பாளரானார். நிர்வாகத்துக்கு நடுவிலும் ஆய்வைக் கைவிடாமல், நிராகரிப்பைத் தடுக்கும் ஒரு சீரம் பற்றித் தன் கையாலேயே வேலை செய்துகொண்டிருந்தார்.

1969 புரட்டாதியில் எக்ஸீற்றர் தேவாலயத்தில் வேதாகம வாசகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பாரிசவாதம் வந்தது. அப்போது வயது 54. இடது பக்கம் விழுந்தது, பார்வையும் ஒரு பக்கம் குறைந்தது. ஜீனின் துணையோடு மீண்டும் ஆய்வுகூடத்துக்கு வந்தார். 1971 இல் பணிப்பாளர் பதவியை விட்டு ஹரோவில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வேலை செய்தார். அதன்பிறகும் பல தடவை நோய் தாக்கியது. இளம் விஞ்ஞானிகளுக்கான ஆலோசனை நூல், தன்வரலாறு என்று அவருடைய பிரபலமான புத்தகங்கள் சில இந்தக் காலத்தில்தான் எழுதப்பட்டன. 1987 ஒக்ரோபர் 2 இல் லண்டனில் இறந்தார்.

தங்கச்சிக்கும் எனக்கும் பொருத்தம் பார்த்த அறிக்கை 2017 இல் வந்தது. ஆறு அடையாளங்களில் மூன்று. பாதி. குருதியைக் கலந்து பார்த்த சோதனையில் எதிர்ப்பு இல்லை என்று வந்தபோது வைத்தியரே பெருமூச்சு விட்டார். அந்த வருடம் மாசியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டத்தில் அம்மா போய் இருந்துகொண்டிருந்தார். சத்திரசிகிச்சைக்கு இரண்டு கிழமை மட்டும் கொழும்புக்கு வந்தார், பிறகு திரும்பிப் போய்விட்டார். என் இடது பக்கச் சிறுநீரகம் இப்போது தங்கச்சியின் வலது இடுப்புப் பக்கத்தில் இருக்கிறது. காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அவள் குளிசை போடுகிறாள். ஒரு நேரம்கூடத் தவறவிடக்கூடாது.

வைத்த சிறுநீரகமும் ஆயுளுக்கும் நிற்பதில்லை, பல வருடம் கழித்து இன்னொன்று தேவைப்படலாம் என்று ஒரு நாள் அம்மாவுக்குச் சொல்ல வேண்டி வந்தது. சகோதரங்களுக்கிடையில் நான்கில் ஒன்று முழுதாகப் பொருந்தும் என்ற கணக்கையும் கேட்டறிந்துகொண்டார். பிறகு உள்ளே போய், தம்பியின் பழைய பாடசாலை அடையாள அட்டையை எடுத்து வந்தார். பின்பக்கத்தில் அவனுடைய குருதி வகை எழுதியிருந்தது. தங்கச்சியின் வகைதான். அதை அவளுடைய கிளினிக் கொப்பிக்குள் வைக்கச் சொன்னார். வைத்திருக்கிறேன்.